சாமான் தங்காத தொட்டில்

இது கதை இல்லை, நடந்தது. பவானிபூரில் அந்தச் சந்தில் அப்போது குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். கேட்டால் வாயை இறுக மூடிக்கொள்வார்கள். பேய் என்றதும் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். பகலில் படித்தால் சிரிப்பு நன்றாகவே வரும். ஆனால் இது நடந்ததும் பட்டப்பகலில்தான்!

வங்காளத்தை முதல் தடவை இரண்டாகப் பிரித்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். இரண்டே அறை உள்ள வீடு. அண்ணன் அனந்தகிருஷ்ணன், அவர் மனைவி பாகீரதி, அவர்கள் குழந்தைகள் நாலு பேர். தம்பி மஹாதேவன், அவன் மனைவி காமு. அண்ணனும் தம்பியும் கம்பெனி குமாஸ்தாக்கள். வீட்டில் ஆட்களைவிடச் சாமான் அதிகம். டிரங்குப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, ஜமக்காளச் சுருட்டு, கம்பி போன குடை... ஒரு காலை வைத்தால் மறு காலுக்கு இடம் தேட வேண்டும். இந்த லட்சணத்தில் நடு அறையில் ஒரு தொட்டில்!

சீமைத் தொட்டில். உள்ளே சின்ன மெத்தை. வளைந்த கட்டைக் கால்களோடு தரையில் நின்று ஆடும். அனந்தகிருஷ்ணனின் ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்பியபோது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள், அதில் எடுத்தது. “துரை வீட்டுக் குழந்தைகள் படுத்து வளர்ந்தது, ராசியானது” என்று பாகீரதி சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் கடைக்குட்டி அதில் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. போட்டால் வீல் என்று கத்தும். புடவையில் கட்டிய தூளியிலேயே வளர்ந்துவிட்டது.

“என் தம்பி வாஞ்சிநாதன் வேலை தேடிண்டு வரான். அவனுக்குப் பாய் போட இடம் வேணும். தொட்டிலைக் குடுத்துடலாம்” என்றாள் பாகீரதி.

“இருக்கட்டுமே மன்னி” என்றாள் காமு.

“எதுக்குடீ?”

காமு தொட்டில் விளிம்பில் தூசி தட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இப்போது மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் இதுவும் போய்விடுமோ என்று பயம். தொட்டில் வாசலைத் தாண்டினால் குழந்தையும் தாண்டிப் போய்விடும் என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கம் கெட்டது.

அந்தச் சமயத்தில்தான் அது ஆரம்பித்தது.

இடம் இல்லாத வீடு அல்லவா? பாகீரதி தொட்டிலுக்குள் பழைய போர்வைகளை அடைத்தாள். காலையில் அவை தரையில் மடித்தபடி இருந்தன. வடாம் டின்னை வைத்தாள். அதுவும் தரைக்கு வந்துவிட்டது. வீட்டில் எந்தச் சாமானும் எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். தொட்டிலில் மட்டும் எதுவும் தங்கவில்லை.

“வெறுந்தொட்டிலைப் பாத்துண்டிருந்தா வயத்துல புழு பூச்சி வந்துடுமாடீ?” என்று பாகீரதி கத்தினாள். தேள் கொட்டியது போலிருந்தது காமுவுக்கு. அவள் தொட்டிலைக் காலி செய்யவே இல்லை. யார் செய்தது என்றும் தெரியவில்லை. ஆனாலும் உள்ளூர ஒரு சந்தோஷம்... தொட்டில் தன் குழந்தைக்காக இடம் பிடித்து வைத்திருக்கிறதோ?

மத்தியானங்களில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கால் கட்டைவிரல் தானாகப் போய்த் தொட்டிலை ஆட்டும். வெறுந்தொட்டிலை ஆட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் விரல் நிற்காது.

வைகாசி மாதம். பெஹாலாவிலிருந்து ஒரு வங்காளி பாபு தொட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அவர் போனதும் பாகீரதி குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காளிகாட் கோவிலுக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது அம்மிக் குழவியைத் தூக்கித் தொட்டிலில் போட்டாள்.

“புதுத் தொட்டில்ல முதல்ல குழவியைப் போடறதுதானே வழக்கம்? கிடக்கட்டும். இதை யார் எடுக்கறான்னு பாத்துடறேன்!”

காமு தனியாக இருந்தாள். கோட்டையில் தினமும் மணி சொல்லும் பீரங்கி ஒரு மணிக்கு வெடித்தது. காற்றே இல்லை. புயலுக்கு முந்திய புழுக்கம். பாயை விரித்து, தொட்டிலுக்கு எட்டாத மூலையில் படுத்தாள். இன்று ராத்திரி அவரிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால் தொட்டில் தங்கும்... நினைத்துக்கொண்டே கண் அயர்ந்தாள்.

கட்... கட்... கட்...

விழித்தாள். அறை இருட்டியிருந்தது. வெளியே வானம் கறுத்திருந்தது. இன்னும் காற்று வரவில்லை.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

தன் காலைப் பார்த்தாள். எட்டாது. எட்டவே எட்டாது.

பக்கத்தில் ஏதோ சில்லென்று பட்டது. வயிற்றோடு ஒட்டி... ஒரு துணி மூட்டை. அவளுடைய பழைய புடவைதான். கழுத்து வரை சுற்றி, குழந்தையைக் கிடத்துவது போல் கிடத்தியிருந்தது.

பிரித்தாள்.

குழவி.

எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தொட்டிலை எட்டிப் பார்த்தாள். காலி. ஆனால் மெத்தையில் ஒரு பள்ளம். சின்னப் பள்ளம்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பள்ளம்... அவள் பக்கமாகப் புரண்டு படுத்தது.

பாகீரதி வந்தபோது காமு வாசற்படியில், கொட்டும் மழையில், வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“மன்னி, குடுத்துடுங்கோ. நாளைக்கு வேண்டாம், இன்னிக்கே அனுப்பிடுங்கோ.”

“என்னடீ ஆச்சு உனக்கு?”

“மன்னி... நான் முழுகாம இருக்கேன்.”

பாகீரதி அவளை அப்படியே கட்டிக்கொண்டாள். மழையோடு மழையாக ஆள் வைத்துத் தொட்டிலை அனுப்பினாள். பாபு அதில் புத்தகம் அடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அடுக்க முடிந்ததா என்று தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டில் பாகீரதிதான் பேச்சை எடுத்தாள். “ஏன்னா, துரையோட குழந்தைகள் எத்தனை பேர் அதுல வளர்ந்தா?”

அனந்தகிருஷ்ணன் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். “துரைக்கு ஏதுடீ குழந்தை? ஒண்ணுகூடப் பொறக்கல. அந்தம்மா ஆசைப்பட்டு வாங்கி வெச்சா. தினம் மத்தியானம் பக்கத்துல உக்காந்து வெறுமனே ஆட்டிண்டே இருப்பாளாம். பாவம்.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“யார் கேட்டா?”

காமு சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. இந்தத் தடவை தங்கியது. நல்ல ஆரோக்கியம். தொட்டில் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. உத்தரத்தில் பழம்புடவையால் தூளி கட்டினார்கள்.

தூளியில் எதைப் போட்டாலும் நடுவில்தான் இறங்கும். குழந்தையைப் பெற்ற எல்லோருக்கும் இது தெரியும்.

தூளியில் போட்ட முதல் நாள் மத்தியானம் காமு துணியை விலக்கிப் பார்த்தாள்.

குழந்தை ஓரமாக ஒதுங்கிப் படுத்திருந்தது. பக்கத்தில்... இன்னொரு பள்ளம்.