வேலைக்காரியின் ஒரே வரி

என் அக்காவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. மருந்துக் கடையில் பில் போடும் வேலை. அதையும் நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு நின்றுகொண்டுதான் செய்வாள். அப்படிப்பட்டவளுக்குப் பாடகர் குழுவில் தனிவரி கிடைத்தால் வீடு என்ன பாடுபடும்!

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஐரோப்பாவில் முந்நூறு வருடங்களுக்கு முன், பரோக் காலத்தில் எழுதிய பெரிய இசைப்படைப்பு அது. நாங்கள் இருவரும் பாடும் குழுவின் மாஸ்டர் அதை நம் மொழியில் பாடவைத்து ஒலிப்பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தார். இயேசுவைப் பிடித்துக்கொண்டு போனபின், முற்றத்தில் குளிர்காயும் அவருடைய சீடன் பேதுருவிடம் ஒரு வேலைக்காரி, "நீயும் அவரோடு இருந்தவன்தானே?" என்று கேட்பாள். அவன் இல்லவே இல்லை என்று சாதிப்பான். அக்காதான் வேலைக்காரி. சரியாக வராவிட்டால் வரியை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று மாஸ்டர் மிரட்டியும் வைத்திருந்தார்.

பிறகென்ன? இருமல் மருந்து வாங்க வந்தவர்கூட அவளுக்குப் பேதுருதான். எல்லோரும் சிரித்தோம், அத்தானைத் தவிர. சாப்பாடு பரிமாறும்போது அவரைப் பார்த்து ஒருநாள் பாடினாள். மனிதர் பாதியிலேயே கைகழுவப் போய்விட்டார்.

"உங்க அத்தானுக்கு என்னடி ஆச்சு? ராத்திரியெல்லாம் புரண்டுட்டே இருக்காரு."

"எல்லாம் உன் பாட்டுதான்க்கா. எவ்வளவு நாள்தான் தாங்குவாரு?"

பதிவு நாளன்று மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். புழுக்கத்தில் உயிர் போனது. அத்தானை வலுக்கட்டாயமாக இழுத்துவந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தாள் அக்கா. முதல் தடவை சுருதி இறங்கியது. அடுத்த தடவை வந்ததே ஒரு குரல்! எதையும் திருடாத நானே ‘நான் இல்லை’ என்று சொல்லப் போனேன். வரி முடிவதற்குள் பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. அத்தான் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார்.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே தடவைதாம்மா."

அக்கா வாசலுக்குப் பாய்ந்தாள். அடிதடி ஆகிவிடக் கூடாதே என்று நானும் ஓடினேன்.

"என் மானத்த வாங்கணும்னே வந்தீங்களா?"

அத்தான் படிக்கட்டில் நின்றார். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"வெல்டர வேலைய விட்டுத் தூக்கினாங்கல்ல?"

வெல்டர் அவருடைய உயிர் நண்பர்.

"அதுக்கு என்ன இப்ப?"

"கிரேன் சங்கிலி தேஞ்சு போச்சு, யார் தலையிலயாவது விழும்னு மேலிடத்துல சொன்னோம். ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். அப்புறம் விசாரணையில மேனேஜர் என்னைக் கேட்டாரு, நீயும் கூடப் போனியான்னு." வண்டிச் சாவியை வெளியே எடுத்தார். "நான் போகலைன்னுட்டேன். அவன் பக்கத்துலயே நின்னுட்டிருந்தான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்காகவா நான் வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேன்! அக்கா அசையாமல் நின்று அன்றுதான் பார்த்தேன்.

"நாளைக்குப் போய் உண்மையச் சொல்லிடறேன்," என்றார் அத்தான். "என் வேலையும் போயிடும்."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே கிளம்புங்க."

அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவர் போனாரா, அங்கேயே நின்றாரா என்று பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடினாள்.

"நல்லா வந்திருக்கு, இதையே வச்சுக்கலாம்," என்றார் மாஸ்டர். "ஆனா முன்னாடி அதட்டினே, இப்ப கெஞ்சறியே. ஏம்மா?"

"இந்தத் தடவையாவது அவன் ஆமான்னு சொல்லிட மாட்டானான்னு இருந்துச்சு மாஸ்டர்."