வளராத கிருமி

என் மனைவிக்கு வலது காதில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீழ் வடியும். சளி பிடித்தால் வடியும், தலைக்குக் குளித்தால் வடியும். திண்டிவனத்தில் மருந்துக்கடைக்குப் போய் "காது ஒழுகுதுப்பா" என்பேன். ஒரு சொட்டு மருந்தும் ஆறு மாத்திரையும் தருவான். இரண்டு நாளில் காது காய்ந்துவிடும். மீதி மாத்திரையை அலமாரியில் போட்டு வைப்போம். அடுத்த முறை ஒழுகும்போது அதையே எடுத்து விழுங்குவாள். பத்து வருஷம் இப்படி ஓட்டினோம். ஒரு தடவைகூட நான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போகவில்லை. காரணமெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒழுகியது என் காது இல்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் எந்த மருந்துக்கும் ஒழுங்காகக் கேட்கவில்லை, ஒரு நாள் காய்ந்தால் மறுநாளே ஒழுகியது. நாற்றமும் எடுத்தது. விழுப்புரத்தில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனோம். செவிப்பறையில் ஓட்டை என்றார்.

"உள்ளே என்ன கிருமி, அது எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியாம இனிமே மருந்து எழுத மாட்டேன். சீழை எடுத்து லேப்ல வளர்த்துப் பார்க்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் சொட்டு மருந்து, மாத்திரை எதுவும் கூடாது. ஒழுகினா ஒழுகட்டும்."

ஆறாவது நாள் ஒலக்கூரில் என் தங்கை மகளுக்கு மஞ்சள் நீராட்டு. நான் தாய்மாமன். என் மனைவிதான் சீர்த்தட்டோடு முன்னால் போய் நலங்கு வைக்க வேண்டும். அதற்கு முந்தின விசேஷத்தில் என் தங்கை பந்தியிலேயே கேட்டிருந்தாள்: "இன்னா அண்ணி, பூ இத்தினி வச்சிருக்க, அப்பவும் வீச்சம் போவலியே?" நாலு பேர் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால் விசேஷத்துக்கு முந்தின நாள் காலையிலேயே சொட்டு மருந்தை எடுத்தேன்.

"வேணாங்க. டாக்டரம்மா அத்தினி வாட்டி சொன்னாங்களே."

"ரெண்டு சொட்டுல ஒலகம் அழிஞ்சிடாது. தலைய சாய்டி."

சாய்த்தாள். அன்றும் மறுநாளும் ஊற்றினேன். அலமாரியில் கிடந்த மாத்திரையையும் விழுங்க வைத்தேன். அவளுக்காகச் செய்வதாகத்தான் சொன்னேன். பொய். வெட்கப்பட்டது நான்.

விசேஷம் நன்றாக நடந்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

அடுத்த நாள் லேப்பில் ஒரு பெண் பஞ்சுக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "மருந்து ஏதாச்சும் போட்டீங்களாம்மா?"

என் மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு "இல்லம்மா" என்றேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

மூன்று நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனேன். "கிருமி எதுவும் வளரலை சார். கட்டாயம் டாக்டர்கிட்ட காட்டிடுங்க" என்றாள் அந்தப் பெண். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் அரைக்கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"கிருமியே இல்லியாம்டி!"

"அப்புறம் ஏன் இன்னும் ஒழுவுது?"

"மிச்சம் மீதி இருந்தது போவுது. அல்வாவைத் தின்னு."

மருந்து பட்டு அரை உயிராய்க் கிடந்த கிருமி லேப் தட்டில் எப்படி வளரும்? அது எனக்குத் தோன்றவே இல்லை. டாக்டரம்மாவிடமும் காட்டவில்லை. வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற வேலை இருந்தது. பிறகு வேறு வேலை இருந்தது. அவள் காது வலிக்கிறது என்பாள், தலை சுற்றுகிறது என்பாள். "கிருமிதான் இல்லன்னுட்டாங்களே" என்று நான் அவள் வாயை அடைப்பேன்.

நாலு மாசம் கழித்து ஒரு காலையில் பல் விளக்கிக் கொப்பளித்தாள். தண்ணீர் வாயில் நிற்காமல் ஒரு பக்கமாக வழிந்தது. முகம் கோணியிருந்தது. அப்போதுதான் அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

மறுபடியும் அதே லேப், அதே பெண், அதே கேள்வி. இந்த முறை என் மனைவி முந்திக்கொண்டாள். "இல்லம்மா. இந்த வாட்டி மருந்து பாட்டில நானே குப்பையில கடாசிட்டேன். அவரை நம்பல."

கிருமி வளர்ந்திருந்தது. ரிப்போர்ட்டில் வரிசையாக மருந்துப் பெயர்கள். நாங்கள் பத்து வருஷமாக வாங்கிய மருந்துகள் எல்லாம் அதில் இருந்தன. ஒன்றுக்கும் அது சாகவில்லை. சாகக்கூடியது இரண்டே இரண்டு, இரண்டும் ஊசி. அதற்குள் சீழ் எலும்பை அரித்திருந்தது. "அப்பவே வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகு முகம் நேரானது. அந்தக் காதில் இனி கேட்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போதும் மாசம் ஒரு தடவை விழுப்புரம் போய் வருகிறோம். பஸ்ஸில் அவள் இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வாள். கேட்கிற காது ஜன்னல் பக்கம், கேட்காத காது என் பக்கம். போன மாசம் திண்டிவனம் வருகிற வரைக்கும் அந்தக் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து ஊற்றியது என் வெட்கத்துக்காக, உனக்காக இல்லை என்று சொன்னேன். பஸ் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவள் திரும்பி, "இன்னா முணுமுணுன்னுக்கினே வர்றீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்ல" என்றேன்.

அவளை நகரச் சொல்லி ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்கிற காதில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.