முட்டையும் செஸ்நட்டும்

பெட்டி அடுக்குகிறவனுக்கு முதுகு போதும், முகம் வேண்டாம் என்று நினைப்பவர்கள் நடத்தும் தொழில் எங்களுடையது. மஞ்சள் ஜக்கெட் போட்டவர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தமையனும் தம்பியும்

ட்ருகனினா என்ற புறநகரில் பெரிய களஞ்சியம் ஒன்று. அங்கே எங்கள் சூப்பர்வைசர் க்ளென் என்னைத் "தவம்" என்று கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. நான் தவம் இல்லை. தவம் படகில் வந்தவன், தற்காலிக விசாக்காரன், நெடுவல், தலை நிறைய மயிர். என் தலையில் ஈ இருந்தால் வழுக்கிவிழும். நீங்கள் அண்ணன் தம்பியா என்று வேறு கேட்டான் அந்த மடையன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவத்துக்கோ சிரிப்பு.

"அங்கிள், அப்ப எனக்கும் கொட்டத் தொடங்கீட்டுதோ?"

எதை உரிக்கிறது?

பொதி கட்டும் மேசையில் நிற்பவள் பிலார். ஸ்பெயின்காரி. ஒருநாள் மகளின் படத்தைக் காட்டினாள். அதே மூக்கு, அதே முறைப்பு. தங்கள் மொழியில் இதற்குத் "தோஸ் கோத்தாஸ் தே ஆகுவா" என்பார்களாம். இரண்டு துளி தண்ணீர். "கிளாவாதா" என்றும் சொல்வார்களாம். ஆணியடித்தது என்று அர்த்தம்.

நாங்கள் "தாயை உரிச்சு வைச்சிருக்கு" என்போம் என்று என் அரைகுறை இங்கிலிசில் விளக்கினேன். முகத்தைச் சுளித்தாள். ஆணியடிக்கிறவளுக்கு உரிப்பது பொறுக்கவில்லை.

"உரிச்ச பிறகு அந்தத் தாய் உயிரோட இருப்பாளா?"

படத்தில் இருந்தவன்

யாரோ ஃபோர்க்லிஃப்டால் இடித்து ஒரு வரிசை போத்தல்களை நொறுக்கிவிட்டான். கமராப் படத்தைத் தூக்கிக்கொண்டு க்ளென் சாப்பாட்டு அறைக்குள் வந்தான். நேரே தவத்திடம் போனான். "நீதான். நாளைக்கு வராதே."

தவம் என்ன சொன்னான் தெரியுமா? "சொறி." செய்யாததற்கு மன்னிப்பு! நிரந்தர விசா இல்லாதவனுக்கு வாயில் முதல் வருவது அதுதான். இந்த வேலையை நம்பி வீட்டில் மூன்று பிள்ளைகள். "வாயை மூடடா!" என்று கத்தினேன். படத்தில் இருந்தவன் சுத்த மொட்டை. க்ளெனின் கண்ணுக்குப் பட்டது மண்ணிறத் தோல் மட்டும்.

பிலார் எழுந்து, படத்தைப் பறித்து, தவத்தின் முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். "கோமோ உன் உவேவோ ஆ உனா கஸ்தாஞா!" முட்டையும் செஸ்நட்டும் போல ஒற்றுமை, அதாவது, ஒரு மண்ணும் இல்லை. செஸ்நட் என்பது குளிர் தொடங்கினால் அவள் சுட்டுக் கொண்டுவரும் மண்ணிறக் கொட்டை. க்ளெனுக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னாள், இங்கே எழுத முடியாத ஒரு சொல்லையும் சேர்த்து. "மயிரைப் பார், மயிரை!"

பார்த்தான். காது சிவந்தது. "சரி, நாளைக்கு வா" என்று தவத்திடம் முணுமுணுத்தான். தவம் கதிரையில் பொத்தென்று இருந்தான். போகப்போன க்ளென் நின்றான். மெல்லத் திரும்பி என் தலையைப் பார்த்தான். எனக்கு ஃபோர்க்லிஃப்டில் ஏறக்கூடத் தெரியாது.

"அப்ப, இது நீதானே?"

முட்டையையும் செஸ்நட்டையும் பிரித்தறிய பிலார் படிப்பித்துவிட்டாள். முட்டையையும் முட்டையையும் பிரித்தறிய இவனுக்கு எவன் படிப்பிப்பது?