யாகப்பன் துண்டு போட்ட இடம்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் பஸ் காரிமங்கலம் ஸ்டாண்டுக்குள் திரும்புவதற்கு முன்பே யாகப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்துவிடுவான். ஒரு முனையில் சின்னதாக முடிச்சுப் போடுவான். முடிச்சை மட்டும் டீக்கடைத் தொட்டியில் ஒரு முக்கு முக்குவான். ஈரம் ஏறினால் முனை கனக்கும், துண்டு காற்றில் விரிந்து எங்காவது ஒதுங்கிவிடாது. பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவன் போல எதிர்த்த சுவரில் ஒட்டியிருக்கும் உர விளம்பரத்தைப் பார்ப்பான். பஸ் குலுங்கித் திரும்பும். இறங்க வேண்டியவர்கள் முட்டியில் கை ஊன்றி எழுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கை நீளும். டிரைவர் பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னலுக்குள் துண்டு போய் விழும். கடைசி சீட்டு தூக்கிப் போடும், சக்கரத்து மேல் சீட்டில் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும், மூன்றாவதுதான் மனுசன் உட்காரத் தக்கது என்பது அவனுடைய ஆராய்ச்சி. எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவன், தச்சு வேலைக்குப் போய் விரலில் உளி வாங்கியவன், கோயில் பாடகர் குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்டவன், கடைசியில் வந்து சேர்ந்த வித்தை இது.

துண்டு விழுந்த பிறகு அவசரப்படமாட்டான். எல்லோருக்கும் பின்னால் ஏறுவான். கைக்குழந்தைக்காரியோ, தலையில் கூடை வைத்த ஆயாவோ, காய்ச்சலில் துவளும் பள்ளிக்கூடத்துப் பெண்ணோ, யார் ரொம்ப முடியாமல் நிற்கிறார்கள் என்று பார்ப்பான். "இந்தாங்க, ஒக்காருங்க" என்று துண்டை உருவிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றபடியே தருமபுரி வரைக்கும் போவான். அங்கே ஒரு மண்டியில் புளியைச் சிப்பம் கட்டும் வேலை. நாள் முழுக்கக் குத்தவைத்துச் செய்கிற வேலை என்பதால், பஸ்ஸில் நிற்பது இடுப்புக்கு நல்லது என்று கேட்கிறவர்களிடம் சொல்வான்.

உண்மை அதுவுமில்லை. ஆரம்பத்தில் அவன் துண்டு போட்டது தனக்காகத்தான். முதல் தடவை குறி தப்பாமல் விழுந்த சந்தோஷத்தில் படியேறிப் போனால், துண்டின் மேல் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருங்க என்று சொல்ல வேண்டும். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் கிழவி அண்ணாந்து பார்த்து, "நீ போட்டதா சாமி? நல்லா இருப்ப" என்று கும்பிட்டுவிட்டாள். பக்கத்தில் நின்றவர், "இந்தக் காலத்துலயும் இப்பிடி ஒரு ஆளு" என்றார். யாகப்பன் கூச்சத்தில் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலில் மாட்டியதுதான். அடுத்த நாளும் அதே பஸ், அதே முகங்கள், அதே கண்டக்டர் தீர்த்தகிரி. நேற்று புண்ணியவானாக இருந்தவன் இன்றைக்கு எப்படித் தன் துண்டில் தானே உட்காருவது? கூச்சத்தில் தொடங்கியது பழக்கமாகி, பழக்கம் பெயராகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் பிரசங்கத்தில், "நம் பங்கில் ஒருவர் தினமும் எழுந்து நின்று ஜெபிக்கிறார், பேருந்தில்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாகப்பன் கூரையில் பல்லி இருக்கிறதா என்று தேடினான். உள்ளுக்குள் குளிர்ந்தது என்னவோ நிஜம். கூச்சப்படுகிறவனுக்குப் புகழ் பிடிக்காது என்று யார் சொன்னது.

நாளாவட்டத்தில் அந்த பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டாயிற்று. சீட்டில் வேறு யார் துண்டு கிடந்தாலும் தொட்டால் சண்டை. சிவப்புக் கட்டம் போட்ட யாகப்பன் துண்டு கிடந்தால் மட்டும் அது பொது இடம். முடியாதவர்கள் அவன் வரும்வரை காத்திருக்கவே தேவையில்லை. நேராகப் போய் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்திருந்து, வந்ததும் நீட்டுவார்கள். இன்னொன்றும் நடந்தது. முன்பெல்லாம் கர்ப்பிணி ஏறினால் யாராவது எழுவார்கள். இப்போது யாரும் எழுவதில்லை. "அதான் யாகப்பன் இருக்காரே" என்று காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்வார்கள்.

வீட்டில் மிக்கேலம்மாளிடம் இந்தப் பெருமை செல்லாது.

"ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் எடம் புடிக்கிறீங்க. கட்டுன பொண்டாட்டிக்கு என்னிக்காவது ஒரு துண்டு போட்டிருக்கீங்களா?"

"நீ எங்க பஸ் ஏறுற?"

"ஏறுனாத்தான் என்ன. எவளாவது கொழந்தையத் தூக்கிட்டு வருவா, எனக்குக் கம்பியக் காட்டுவீங்க."

அந்த வருஷம் அவளே பஸ் ஏற வேண்டி வந்தது. கர்ப்பப்பையில் கட்டி என்று தருமபுரியில் ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். சிரித்தால் தையல் இழுக்கிறது என்றாள். வீட்டுக்கு அனுப்பும்போதே, மறுபடி காட்ட வரச் சொன்ன டாக்டரம்மா யாகப்பனைத்தான் குறிவைத்துப் பேசினார்.

"பஸ்லயா கூட்டிட்டு வருவீங்க?"

"ஆமாங்க."

"நிக்க வெக்கக் கூடாது. உள் தையல் இன்னும் ஆறல. குலுக்கல்ல நின்னுட்டு வந்தா பிரிஞ்சிடும், அப்பறம் என்னைக் கேக்காதீங்க. சீட்டு கெடைச்சா ஏறுங்க, இல்லன்னா அடுத்த பஸ்."

டாக்சி வைக்க வக்கில்லாதவன் யாகப்பன். ஆனால் சீட்டா? சீட்டு விஷயத்தில் அவனிடமா? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அம்மாவுக்குத் தன்னைத் தெரியவில்லையே என்று ஒரு வருத்தம் கூட இருந்தது.

போக வேண்டிய நாள் சந்தை நாளாக அமைந்தது. மிக்கேலம்மாளை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தான். முடிச்சுப் போட்டான், முக்கினான், உர விளம்பரத்தைப் பார்த்தான். பஸ் திரும்பியது. மனைவி பார்க்கிறாள் என்பதால் வழக்கத்தை விடக் கொஞ்சம் ஸ்டைலாகவே வீசினான். மூன்றாவது ஜன்னல். விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பி, ஒன்றும் பெரிதில்லை என்பது போலக் கையை உதறிக்கொண்டான்.

அவளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்து, ஒவ்வொரு படியாக ஏற்றி, கூட்டத்தை விலக்கி மூன்றாவது ஜன்னலுக்கு வந்தபோது, சீட்டில் பச்சியப்பன் உட்கார்ந்திருந்தார். மேலத்தெருப் பெரியவர். வலது கால் முழுக்க மாவுக்கட்டு. ஊன்றுகோல் ஜன்னலில் சாத்தியிருந்தது. மடியில் சிவப்புக் கட்டத் துண்டு, அழகாக மடித்து.

"வா யாகப்பா. உன் துண்டைப் பாத்தேன், பேரன்கிட்ட, நமக்குத்தான்டா போட்டிருக்கான், ஏத்தி விடுன்னேன். இந்தா."

யாகப்பன் துண்டை வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வது என்று கைக்குத் தெரியவில்லை. பின்னால் மிக்கேலம்மாள் நிற்கிறாள். அவள் மூச்சு முதுகில் படுகிறது. இது எங்க வூட்டுக்காரிக்குப் போட்டதுங்க. நாலே வார்த்தை. மனசுக்குள் வரிசையாக நின்றன. வாய் திறந்தது.

"எது வரைக்கும் போறீங்க?"

"தருமபுரிதான். இந்தக் கட்டப் பிரிக்கணும்."

"ஓ. காத்து நல்லா வருதுங்களா?"

"ஜம்முனு வருது."

முன்சீட்டுக்காரர் திரும்பி மிக்கேலம்மாளிடம், "உங்க வூட்டுக்காரரு மாதிரி ஆளு இந்த ஜில்லாவுல இல்லம்மா" என்றார். சொல்லிவிட்டு நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவள், "ஆமாங்க, நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றாள்.

இறங்கிவிடலாம் என்று யாகப்பன் திரும்பினான். அதற்குள் தீர்த்தகிரி விசில் அடித்துவிட்டான், வாசல் வரைக்கும் சந்தைக் கூட்டம் அடைத்துவிட்டது. பஸ் கிளம்பியது. முதல் குலுக்கலிலேயே மிக்கேலம்மாள் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அடிவயிற்றையும் பிடித்தாள். திட்டியிருந்தால் தேவலை. சுற்றி உட்கார்ந்திருந்த ஒவ்வொரு முகமாக யாகப்பன் பார்த்தான். ஒருவர் தூங்கினார், ஒருவர் தூங்கத் தொடங்கினார், காலேஜ் பையன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே புளியமரங்களை எண்ணுவது போல இருந்தான். யாரிடமாவது கேட்கலாம். அடுத்தவருக்கு இடம் கொடுத்தே பழகிய வாய்க்கு இடம் கேட்கத் தெரியவில்லை. சங்கடத்தில் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். முட்டி எதிலோ இடித்தது.

"யோவ், மூட்ட மேல சாயாத. கண்ணு தெரியல?"

நடைபாதை ஓரம் சீட்டுக் கம்பியோடு சேர்த்து நிறுத்தியிருந்த ஒரு பெரிய துணி மூட்டை. அதை இரண்டு கையாலும் அணைத்தபடி நின்றது காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெண், கண்ணம்மாள். மாதத்தில் ஒருமுறை இருமுறை அந்த பஸ்ஸில் வருகிறவள். வாய்க்குப் பயந்து தீர்த்தகிரியே அவளிடம் டிக்கெட்டை மெதுவாகத்தான் கேட்பான். அன்றைக்கும் ஏறியதிலிருந்து மூட்டைப் பக்கம் வந்த எல்லோரையும் அவள் விரட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். கூடை இடித்தாலும் திட்டு, குடை உரசினாலும் திட்டு.

"தெரியலீங்க" என்று யாகப்பன் ஒடுங்கினான்.

அவள் பார்வை அவனைத் தாண்டி மிக்கேலம்மாளிடம் போனது. அடிவயிற்றில் இருந்த கையைப் பார்த்தாள்.

"என்னா, ஆபரேசனா?"

"ஆமாங்க்கா. கர்ப்பப்பை."

"எப்ப?"

"போன மாசந்தான்."

"போன மாசம் வயித்த அறுத்துட்டு இந்தக் குலுக்கல்ல நிக்கிறியா? யாரு கூட்டிட்டு வந்தது?"

மிக்கேலம்மாள் தாடையால் யாகப்பனைக் காட்டினாள். கண்ணம்மாள் அவனை உச்சி முதல் கால் வரை பார்த்தாள். கையில் இருந்த துண்டையும் பார்த்தாள்.

"துண்டு போட்டு எடம் புடிக்கிற ஆளுல்ல இது?"

"அதே ஆளுதாங்க்கா."

"பொண்டாட்டிக்குத் துண்டு எட்டலியாக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தூங்கத் தொடங்கியவரும் சிரித்தார். பச்சியப்பனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அடடா, சொல்லக் கூடாதா யாகப்பா" என்று மாவுக்கட்டுக் காலை எடுக்கப் பார்த்தார். "நீங்க ஒக்காருங்க தாத்தா, விழுந்து இன்னொரு கால ஒடைச்சுக்காதீங்க" என்று மிக்கேலம்மாளே அவர் தோளை அமுக்கினாள்.

கண்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மூட்டையைப் பார்த்தாள், வெளியே பார்த்தாள், மறுபடி மூட்டையைப் பார்த்தாள். பிறகு அதன் வாய்க்கட்டை உள்ளே தள்ளி, மேல் பக்கத்தை உள்ளங்கையால் மெல்லச் சமன் செய்தாள்.

"இதும் மேல ஒக்காரு."

"வேணாங்க்கா, என்ன சரக்கோ."

"இலவம்பஞ்சு. தலகாணிக்கு. ஒக்காந்தா என்ன, எப்பிடியும் எவனோ தலைய வெக்கப் போறான். ஒக்காரு கண்ணு."

மிக்கேலம்மாள் பயந்து பயந்து உட்கார்ந்தாள். மூட்டை அவள் உருவத்துக்கு அமுங்கி வாங்கிக்கொண்டது. கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்தாள். பெரியாம்பட்டி வருவதற்குள் இரண்டு பேரும் பழைய சிநேகிதிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். பேச்செல்லாம் யாகப்பனைப் பற்றித்தான். காத்து நல்லா வருதா என்று அவன் பெரியவரிடம் கேட்டதை மிக்கேலம்மாள் அவன் குரலிலேயே செய்து காட்டினாள். செய்து காட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையலைக் கையால் தாங்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். யாகப்பன் அவர்களுக்கு மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தான். முடிச்சு ஈரமாகவே இருந்தது. பெண்டாட்டி சிரிக்கிறாளே, அதற்கு நாம் காரணம்தானே என்று ஒரு ஓரத்தில் கணக்கு எழுதிக்கொள்ளவும் அவன் தவறவில்லை.

தருமபுரியில் இறங்கும்போது, சும்மா நின்றுகொண்டு வந்த குறை தீர, மூட்டையை இறக்கித் தரட்டுமா என்று கேட்டான். "நீ மூட்டையத் தொடாத" என்றாள் கண்ணம்மாள். தானே இரண்டு கையாலும் தாங்கி இறக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டரம்மா தையலைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, அலுங்காமக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். மிக்கேலம்மாள், "அவருக்கு அதுல நல்ல அனுபவமுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அவன் துண்டில் முடிச்சுப் போட்டான் என்றாலும், போட்டதும் ஓடிப்போய் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கப் பழகினான். யாருக்கு என்று வாயைத் திறந்து சொல்லவும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. இரண்டு தடவை உட்கார்ந்திருந்தவர்களிடம், "கொஞ்சம் எழுந்து எடம் குடுங்க" என்று கேட்டே விட்டான். ஒருவர் எழுந்தார். இன்னொருவர், "அப்ப நீ எதுக்கு இருக்க?" என்றார்.

கண்ணம்மாளை மட்டும் காணோம். மழை பிடித்து, மல்பெரித் தோட்டமெல்லாம் தழைத்து நின்ற ஒரு காலையில், கூட்டம் குறைந்த பஸ்ஸில் தீர்த்தகிரியிடம் விசாரித்தான்.

"அந்தக் காவேரிப்பட்டணத்து அம்மா வர்றதில்லையா? பஞ்சு மூட்டை கொண்டு வருமே."

"பஞ்சா?" தீர்த்தகிரி டிக்கெட் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனைப் பார்த்தான். "அது பட்டுக்கூடு. ஏலத்துக்குக் கொண்டு போவும். இப்ப ஓசூர்ப் பக்கம் மக வூட்டுல இருக்குது."

பட்டுக்கூடு கொஞ்சம் நசுங்கினாலும் உள்ளே புழு உடைந்து கறை ஏறிவிடும், நூல் இழுக்க முடியாது. அது அந்த ஜில்லாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"உன் வூட்டுக்காரி வந்த அன்னிக்கு ஏலத்துல அந்த மூட்டைய ஒருத்தனும் தொடலியாம்" என்றான் தீர்த்தகிரி. "சாயங்காலம் அந்தம்மா என் பஸ்லதான் திரும்புச்சு. காவேரிப்பட்டணத்துல மகன் முனிராஜ் வந்து நின்னுக்கிட்டு, யாரு ஒக்காந்தது, யாரு ஒக்காந்ததுன்னு குதிச்சான். கால் கடுத்துச்சுடா, நாந்தான் அசந்து ஒக்காந்துட்டேன்னு சொல்லிடுச்சு."