பன்றிப் பண்ணையில் எரிந்த நீல நெருப்பு

சாணத்திலிருந்து நெருப்பு எடுத்துக் கொடுப்பது என் தொழில். அதில் என்னை இறக்கிவிட்டு நடுவில் கைகழுவிப் போனவர் நீங்கள்தான், கண்ணாடி போட்ட அதிகாரி ஐயா. எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியபோது, பன்றிப் பண்ணைகள் நிறைந்த பொங்கோலில் ஒரு கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "நாட்டுக்கு வேண்டிய எரிவாயுவை விவசாயிகளே தயாரிக்கணும். இனிமே இதுதான் கொள்கை" என்றீர்கள். சிராங்கூன் ரோட்டுப் பின்சந்தில் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்த நான், மறுநாளே சாண எரிவாயுத் தொட்டி செய்யக் கிளம்பினேன். மேடைப் பேச்சை நம்பித் தொழில் மாற்றியவர்களுக்கு என் கோபம் புரியும்.

முதல் கோப்பி

முதல் தொட்டி சீனர் ஆ செங்கின் பன்றிப் பண்ணையில். அரைகுறை மலாய்ப் பேச்சில் அரை நாள் பேரம். விலைக்கு ஒத்துக்கொண்டவர் ஒன்றுக்கு மட்டும் அசையவில்லை: "அதிகாரி நாளைக்கு மாத்திப் பேசுனா?" நெஞ்சில் அடித்து, "நான் பொறுப்பு" என்றேன்.

பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை. பதின்மூன்றாம் நாள் குழாய் முனையில் நீலமாக ஒரு சுடர். அந்த நீலத்தை அதற்குப் பிறகு எந்த அடுப்பிலும் நான் பார்க்கவில்லை. அதில் போட்ட கோப்பியை மோந்து பார்த்துவிட்டு ஆ செங் சொன்னார்: "தம்பி, கோப்பியில பன்றி வாடை இல்ல. உன் மேலதான் அடிக்குது."

இரண்டு வாளி உறை

பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, புதுத் தொட்டிக்குப் பழைய தொட்டியின் சாணக் குழம்பு கொஞ்சம் ஊற்றினால் சீக்கிரம் வாயு பிடிக்கும். பால்காரர் கோவிந்தசாமியின் மாட்டுக் கொட்டகையில் தொட்டி வைத்தேன். அக்கம்பக்கத்தில் பழைய தொட்டி ஆ செங்குடையது ஒன்றுதான். கோவிந்தசாமி சுத்தபத்தமான மனிதர். அவர் பால் ஊற்றப் போயிருந்த நேரம் பார்த்து, அங்கிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து ஊற்றிவிட்டேன்.

அந்த வாயு அடுப்பில்தான் பொங்கல் பொங்கியது. கோவிந்தசாமி என் இலையில் இரண்டு கரண்டி அள்ளி வைத்தார். எனக்கு இறங்கவில்லை. அவர் நகர்ந்ததும் அவர் மனைவி சரோஜா அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க போட்டுட்டுப் போன வாளியக் கழுவி வச்சதே நான்தான். அவர்கிட்ட வாயத் திறந்தீங்க, அடுத்த வருஷம் இந்த வீட்டுல உங்களுக்கு இலை கிடையாது."

இங்கிலீஷ் கடிதம்

எண்பதுகளில் கொள்கை மாறியது. ஆறு சுத்தமாக வேண்டும், நிலம் வேண்டும், பன்றிப் பண்ணை வேண்டாம். கடிதம் வந்தது, நீங்கள் வரவில்லை. அதை ஆ செங்குக்கு மலாயில் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. நான் கத்தினேன், தொட்டியை உதைத்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம். அவர் எழுந்துபோய் வால்வை மெதுவாக மூடினார். அடுப்பில் நீலம் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். "தம்பி, நிலம் போகுது, போகட்டும். நீ பொறுப்புன்னு சொன்னியே, அது எங்க?"

இப்போது அவர் புக்கிட் மேராவில், அடுக்குமாடி வீடொன்றின் ஏழாவது மாடியில் இருக்கிறார். காலையில் கீழே கோப்பிக் கடைக்கு வருவார். நானும் போவேன். இன்றும் அதையே கேட்கிறார்.

ஐயா, நாடு சின்னது, கொள்கை மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் அந்தக் கடைக்கு வந்து, "வாக்குக் கொடுத்தது நான், இவன் இல்லை" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். பன்றிச் சாணமும் மாட்டுச் சாணமும்கூடச் சொன்னபடி பற்றிக்கொண்டன, உங்கள் பேச்சு ஒன்றுதான் புகைந்ததோடு சரி.