பதினாலாம் பல்

சூரமங்கலத்துப் பல் ஆஸ்பத்திரி ஒன்றின் முன்மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் பிரபா. உள்ளே வருகிறவர் கன்னத்தைப் பிடித்திருக்கும் விதத்தை வைத்தே எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான், நாற்பதை எட்டப்போகிற வயதில், அமெரிக்கப் பல் ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் போட்டுக்கொடுக்கும் சேலத்து அலுவலகத்தில் சேர்ந்தாள்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காக்காரர்கள் பல்லைக்கூட வேறு மாதிரி எண்ணுகிறார்கள் என்று. நம் டாக்டர்கள் வாயை நான்காகப் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கையும் முன்பல்லிலிருந்து எண்ணுவார்கள். அவர்களோ மேல்வரிசையின் வலது ஓரத்தில் ஆரம்பித்து வாயைச் சுற்றிவந்து முப்பத்திரண்டில்தான் நிறுத்துவார்கள். நமக்குப் பதினாலு என்றால் முதல் பங்கில் நாலாவது, அதாவது மேல்வரிசையில் வலது பக்கத்துச் சின்னக் கடைவாய்ப்பல். அவர்களுக்கு அது இடது பக்கத்துப் பெரிய கடைவாய்ப்பல். முதல் மாதமே பிரபா பழக்கதோஷத்தில் ஒரு பல்லை மாற்றிப் போட்டுவிட்டாள்.

“இன்னொரு தடவ ஆச்சுன்னா வேலைய நெரந்தரம் பண்றது கஷ்டமுங்க” என்றார் மேலாளர் தீர்த்தகிரி.

நிரந்தரமாக வேண்டிய வாரம் பார்த்து வந்தது வினை. ஓர் அம்மாளுக்குப் பதினாலாம் பல்லில் வேர் சிகிச்சை செய்ததாகப் போன கிளெய்ம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பல்லை எப்போதோ பிடுங்கியாகிவிட்டது, இல்லாத பல்லுக்கு என்ன சிகிச்சை என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டிருந்தது. கிளெய்ம் போட்டவள் பிரபா.

பழைய இடத்தில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இந்த வயதில் இனி யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு அந்த வாரமெல்லாம் அவளுக்கே பல்வலி. லீவு கேட்கப் பயந்து கிராம்பை அடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“என்னன்னு பாத்துச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார் தீர்த்தகிரி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டரின் குறிப்பைத் திறந்தாள். அதிலும் பதினாலுதான். எக்ஸ்ரேயைப் பார்த்தாள். சிகிச்சை நடந்திருந்தது வலது பக்கத்துச் சின்னக் கடைவாய்ப்பல்லில். அட, இது நம்மூர்க் கணக்கல்லவா? டாக்டர் பெயரைப் பார்த்தாள். வெண்ணிலா, அந்த அமெரிக்க ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்தவர்.

சாயங்காலம், அங்கே ஆஸ்பத்திரி திறக்கிற நேரமாகப் பார்த்து வெண்ணிலாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தக் கிளெய்மைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தட்டுத்தடுமாறிப் பேசியவள், அதற்கு மேல் பொறுக்காமல் கேட்டுவிட்டாள்.

“மேடம், நீங்க எந்த ஊருங்க?”

“எருமப்பட்டிங்க. ஏனுங்க?”

“நான் சூரமங்கலமுங்க. நீங்க எழுதுன பதினாலு நம்மூர்க் கணக்குங்களா?”

வெண்ணிலா தன் குறிப்பைத் திறந்து பார்த்தார்.

“ஐயோ, ஆமாங்க. இங்க பரீட்சையெல்லாம் இவங்க கணக்குலதான் எழுதிப் பாஸ் பண்ணுனேன். அவசரத்துல கை பழசுக்கே போயிருதுங்க. தப்பு என்னுதுன்னு எழுதி இப்பவே அனுப்பறேன்.”

“எனக்கும் அப்படித்தாங்க மேடம்” என்றாள் பிரபா. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திருத்திய கிளெய்ம் பாஸானது. வேலையும் நிரந்தரமானது. முதல் காரியமாக லீவு போட்டுவிட்டுத் தன் பழைய ஆஸ்பத்திரிக்குப் போய் வாயைத் திறந்தாள்.

டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, உதவியாளரிடம் “பதினாலு” என்றார். அவர் கை வாய்க்குள் இருக்கும்போதே பிரபாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் தண்ணீரும் வழிந்தது.

“ரொம்ப வலிக்குதாம்மா?” என்று பதறினார் டாக்டர்.

இல்லை என்று தலையாட்டினாள். உண்மையிலேயே வலிக்கவில்லை.