சாவிக்காக வாங்கிய டீசல்

பெட்ரோல் பங்க் என்பது வண்டிக்கு எரிபொருள் நிரப்பும் இடம் என்றொரு மூடநம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. படித்தவர்களே இதை நம்புகிறார்கள் என்பது வேதனைக்குரியது. அருள்கூர்ந்து திருத்திக்கொள்ளுங்கள். பங்க் என்பது ஒரு சாவி இருக்கும் இடம். அந்தச் சாவியைக் கேட்கும் தகுதி வருவதற்காகத்தான் அங்கே டீசல் விற்கிறார்கள். சாவி எந்தக் கதவுக்கு என்று கேட்பவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு, பஸ்ஸிலோ வண்டியிலோ கால்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்த என் சகோதரிகளுக்கு, விளக்கம் தேவையில்லை.

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையின் பிக்கப் வண்டியை மூன்று வருடமாக ஓட்டுகிறேன். அதற்கு முன் பத்து வருடம் தமிழ் டீச்சர். தமிழ் மீடியத்தில் பிள்ளைகள் தீர்ந்துபோனபோது நானும் தீர்ந்துபோனேன். லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தது. விடியற்காலையில் ஒட்டு மாங்கன்றுகளை ஏற்றிக்கொண்டு புத்தூர், ரேணிகுண்டா, ஏர்பேடு, காளஹஸ்தி, நாயுடுபேட்டை, நெல்லூர் என்று காவலி வரை போய் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள்.

கன்றுகளை ஏற்றி இறக்க என்னோடு வருபவள் சுகுணா. நாகலாபுரத்துப் பக்கத்துப் பெண். பண்ணையில் உட்கார்ந்து மண்பை நிரப்பும் கூலியைவிட வண்டியில் வந்தால் பேட்டா கூட என்பதால் அந்த சீட்டை விடமாட்டாள். அடக்கி அடக்கியே போன வருடம் அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து, அது காய்ச்சலாகி, கிட்னி வரைக்கும் போயிற்று. இன்னொரு தரம் வந்தால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று புத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். தண்ணீர் குடிப்பதில்லையா என்றும் கேட்டார். சுகுணா அவரைத் திருப்பிக் கேட்டாள்: "குடிச்சிட்டு எங்க போறது, நீங்களே ஒரு எடம் சொல்லுங்க சார்."

திட்டம்

எங்கள் ஊரிலிருந்து எல்லை தாண்டினால் தமிழ்நாட்டு பங்கில் டீசல் விலை குறைவு. அங்கே டாங்கை நிரப்பினால் காவலி போய் வந்தும் மிச்சமிருக்கும். முதலாளியின் உத்தரவும் அதுதான். ஆனால் டாங்க் நிரம்பிய வண்டி வழியில் எந்த பங்கில் நிற்க முடியும்? நின்று என்ன கேட்க முடியும்? டீசல் போடாதவர்களுக்குச் சாவி கிடையாது.

எனவே பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் ஒரு திட்டம் வரைந்தேன். எல்லையில் கால் டாங்க் மட்டும். பிறகு ரேணிகுண்டா தாண்டி கொஞ்சம், நாயுடுபேட்டையில் கொஞ்சம், நெல்லூரில் கொஞ்சம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கதவு திறந்தது, திறக்கவில்லை, தாழ்ப்பாள் இல்லை என்று குறிப்பு. பத்து வருடம் நான் எழுதிய பாடத்திட்டங்கள் எதுவும் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. சுகுணா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மத்தவங்க டீசல் தீந்தா நிப்பாங்க. நாம நிக்கணும்னு டீசல தீத்துகினு போறோம் டீச்சர்."

பூட்டின் காது

ரேணிகுண்டா தாண்டி முதல் பங்க். டீசல் போட்டாயிற்று. சாவி கேட்டேன். "தாளஞ்செவி மேனேஜர் தக்கர உந்தி" என்றார் பம்பில் நின்றவர். சாவி மேனேஜரிடம் இருக்கிறதாம். தெலுங்கில் தாளம் என்றால் பூட்டு, செவி என்றால் காதேதான். சாவியைப் பூட்டின் காது என்கிற மொழியை மெச்சிக்கொண்டே மேனேஜர் எங்கே என்று கேட்டேன். (இனி அவர்கள் தெலுங்கில் சொன்னதை எங்கள் ஊர்த் தமிழிலேயே தருகிறேன். பொருளில் குற்றமிருக்காது.)

அவர் திருமலை இருக்கும் திசையைக் கையால் காட்டினார். முகத்தில் கேலி துளியும் இல்லை. "மேனேஜர் மலை மேல கீறாரு. சொந்தக்காரங்கள தரிசனத்துக்கு இட்டுகினு போனாரு, சாவி அவர் பாக்கெட்ல. லைன் நகர்ந்தா மத்தியானத்துக்குள்ள வந்துடுவாரு, குந்துங்கக்கா."

கஸ்டமர் யார்?

நாயுடுபேட்டை பங்கில் கழிவறைக் கதவில் பலகையே வைத்திருந்தார்கள்: கஸ்டமர்களுக்கு மட்டும். எனக்கு மகிழ்ச்சி. டீசல் போட்ட ரசீதோடு போய் நின்றேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் ரசீதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டி நம்பர் போட்டிருக்கிறது, உங்கள் பெயர் எங்கே என்றார்.

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்காகத்தான் கடவுள் என்னை இலக்கணம் படிக்க வைத்தார் என்று நினைத்து, வாங்குபவர் யார், வாங்கப்படுவது எது, எழுவாய் செயப்படுபொருள் எல்லாவற்றையும் நின்ற நிலையில் விளக்கினேன். சுகுணா எனக்குப் பின்னால் ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்தார். "டீசல் குடிச்சது வண்டி. அப்போ கஸ்டமர் வண்டிதானேம்மா? வேணும்னா வண்டிய உள்ள அனுப்புங்க."

ஐந்து நட்சத்திரம்

நெல்லூருக்கு இந்தப் பக்கம் ஒரு பங்கில் சாவி உடனே கிடைத்தது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கதவைத் திறந்தால் ஆயில் டப்பாக்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு ஸ்டூல், அதன் மேல் யாருடையதோ டிபன் கேரியர். கழிவறைக் கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் பாம்புபோல் சுருட்டிய ஒரு ரப்பர் குழாய். சுவர் மட்டும் பளபளவென்றிருந்தது. அதில் ஒரு கட்டம் போட்ட ஸ்டிக்கர்: கழிவறையின் தூய்மை பற்றிக் கருத்துச் சொல்லப் போனில் ஸ்கேன் செய்யவும்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையன் வருத்தப்படவில்லை. "யாரும் போறதில்லக்கா, அதான் இவ்ளோ நீட்டா கீது. ஸ்கேன் பண்ணி அஞ்சு ஸ்டார் குடுத்துட்டுப் போங்க."

வாயில்லாத ஜீவன்

ஒட்டுக் கன்று வழியில் வாடினால் விவசாயி இறக்க விடமாட்டார். பச்சை வலை போட்டு மூடி, மூன்று மணி நேரத்துக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு மட்டும் எந்த பங்கிலும் யாரும் தடை சொன்னதில்லை. காளஹஸ்தி தாண்டி ஒரு இடத்தில், சாவி காணாமல் போய்விட்டது என்று எங்களிடம் சொன்ன அதே ஆள், நாங்கள் கேட்காமலே குழாயை இழுத்துவந்தார். வலையைத் தூக்கி வேர் நனைய, இலை நனைய, ஒரு கன்று விடாமல் ஊற்றினார். உதடு வெடித்த சுகுணா தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சத்தத்தைக் கேட்பது அந்த நிலையில் எவ்வளவு பெரிய தண்டனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நன்றி என்றேன். அவர் கூச்சப்பட்டார். "இருக்கட்டும்க்கா. வாயில்லாத ஜீவன், அவசரம்னா கேக்கத் தெரியுமா அதுக்கு?"

ஆலோசனை

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர். நாங்கள் டீ வேண்டாம் என்றதும் காரணத்தை ஊகித்துவிட்டார். அனுபவஸ்தர். இவ்வளவு நீளத்துக்கு ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள், எங்கே வேண்டுமானாலும் ஓரம்கட்டினால் ஆயிற்று, இதற்குப் போய் பங்க் பங்க்காக அலைவார்களா என்று அறிவுரை சொன்னார். புளியமரத்தையெல்லாம் வெட்டி, இரண்டு பக்கமும் தகரத் தடுப்பு வைத்த அகல ரோடு. முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி கிடையாது. உங்கள் வீட்டம்மா வந்தால் எங்கே ஓரம்கட்டுவீர்கள் என்று மரியாதையாகவே கேட்டேன். "அவள எதுக்குமா நான் வெளிய இட்டுகினு வரப்போறேன்?"

சரோஜா இருந்த பங்க்

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஏர்பேட்டுப் பக்கம் ஒரு பங்கில் சரோஜா என்ற பெண் பம்பில் நின்றாள். முதல் நாளே என் முகத்தைப் பார்த்து, டீசல் குழாயை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். டீசலே போடாவிட்டாலும் பரவாயில்லை என்றாள். உள்ளே வாளியில் தண்ணீர் இருந்தது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. சுகுணா வெளியே வந்து, வண்டியிலிருந்த பாட்டிலை எடுத்து ஒரே மூச்சில் பாதி குடித்தாள். திட்டத்தைக் கிழித்துவிட்டு, போகும்போதும் வரும்போதும் ஏர்பேட்டில் நிற்கிற மாதிரி புதிதாக எழுதினேன். இரண்டு மாதம் சுகுணாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரு திங்கட்கிழமை பம்பில் வேறு ஆள். கதவில் புதுப் பூட்டு. சரோஜாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். "அந்தம்மாவ நிறுத்திட்டாங்கோ. பொம்பளைங்கள வேலைக்கு வெச்சா ஒரு பாத்ரூம் எப்பவும் தெறந்தே வெக்கணும், ரோதனைன்னாரு ஓனரு."

முதலாளியின் தீர்வு

பழைய திட்டத்துக்குத் திரும்பிய இரண்டாவது வாரத்தில் முதலாளி ரசீதுகளைப் பார்த்துவிட்டார். விலை குறைந்த இடத்தில் கால் டாங்க், கூடின இடங்களிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். டீசலைத் திருடுகிறேன் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும். அதையே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; ஏன் என்று மட்டும் கேட்டார். திருட்டை ஒப்புக்கொள்வது எளிது. பத்து வருடம் பிள்ளைகளுக்கு அடக்கம் என்றால் பணிவு என்று பொருள் சொல்லிக்கொடுத்த நான், அந்தச் சொல்லுக்கு வண்டியில் கற்ற பொருளை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். கடைசியில் "பாத்ரூம்" என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னேன். சுகுணாவின் உடம்பைப் பற்றியும் சொன்னேன்.

முதலாளி கெட்டவர் இல்லை. அக்கறையாகவே கேட்டுக்கொண்டார். மறுநாள் டாங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து மாட்டினார். எல்லையில் அவரே கூட வந்து நிரப்பிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் விஷயத்துக்கும் வழி சொன்னார்: "அதுக்கென்னம்மா, காலைல வீட்லயே போய்ட்டு வந்துடுங்க."

முழு டாங்க்

பூட்டு மாட்டிய பிறகு போன முதல் டிரிப். ரேணிகுண்டாவில் கேட்கவே இல்லை. நாயுடுபேட்டையில் சுகுணாவின் முகத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பி பங்கில் விட்டேன். நூறு ரூபாய்க்குப் போடுங்கள், சாவியைக் கொடுங்கள் என்றேன். பம்பில் நின்றவர் மூடியைத் திறக்கச் சொன்னார். திறக்க முடியாது, சாவி முதலாளியிடம் இருக்கிறது என்றேன். நூறு ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள், டீசல் வேண்டாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். டீசல் போடாமல் காசு வாங்கினால் தப்பு என்றார். நேர்மையான ஆள். நகர்ந்துபோனவர் என்ன நினைத்தாரோ, திரும்பி வந்து சிரித்தார். "உங்க சாவி உங்க மொதலாளிகிட்ட, எங்க சாவி எங்க மேனேஜர்கிட்ட. சரியாப் போச்சு போங்கக்கா."

காவலியில் மாந்தோப்பு என்று பெயர்பெறப்போகும் அந்த வெட்டவெளியில் சுகுணா கன்றுகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நடுவில் இரண்டு முறை அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் ஓரமாகக் குந்தினாள். திரும்பும்போது காளஹஸ்தி வருவதற்குள் அவளுக்குக் குளிர்காய்ச்சலில் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. வண்டியை நேராகத் திருப்பதிக்கு விட்டேன்.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள். மூன்றாம் நாள் பார்க்கப் போனபோது கையில் குளுக்கோஸ் ஊசியோடு எழுந்து உட்கார்ந்திருந்தாள். இனி வண்டி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, வார்டின் கோடியிலிருந்த கழிவறைக் கதவைத் தாடையால் காட்டினாள். "இங்க எப்பவும் தெறந்தே கீது டீச்சர்."

சுகுணா இப்போது பண்ணையில் மண்பை நிரப்புகிறாள். அவளுக்குப் பதிலாக வண்டியில் முனுசாமி வருகிறார், அவர் கை காட்டும் இடத்திலெல்லாம் நிறுத்துவதால் நெல்லூர் போவதற்குள் மூன்று முறை நிற்கிறோம், டீசல் எங்குமே போடுவதில்லை.